அயர்லாந்தில் எங்களுக்கு ஒருவருமில்லை

அயர்லாந்துக்குப் போகிறோம் என்று சொன்னதும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம்?" என் மைத்துனர் கேட்டார். லண்டனில் எங்கள் ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் மரக்கறிக் கடைக்காரர் கேட்டார். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற, பெயர்கூடத் தெரியாத ஒரு மனிதரும் கேட்டார். ஒருவருமில்லை, சும்மா இடம் பார்க்கப் போகிறோம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சும்மாவோ?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயில் என்றபடியால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அந்த மனிதரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஆட்களுக்கு விடுமுறை என்றால் எங்கள் ஆட்களிடம் போவதுதான். பாரிஸ் என்றால் பெரியப்பாவின் மகன் வீடு. சுவிஸ் என்றால் மனைவியின் தங்கை வீடு. டொரோண்டோ என்றால் பத்து வீடு, பத்து வீட்டிலும் சாப்பாடு. ஈபிள் கோபுரத்தை நான் மூன்று தரம் பார்த்திருக்கிறேன். மூன்று தரமும் காரின் பின் இருக்கையில் நெருக்கியடித்துக்கொண்டு, கலியாண மண்டபத்துக்கு நேரமாகிறது என்று யாரோ கத்திக்கொண்டிருக்கும்போதுதான் பார்த்தேன். கலியாணம் கட்டிய முப்பத்தொரு வருடத்தில் நானும் மனைவியும் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் ஓர் இரவு தங்கியது கிடையாது.

பிறகு ஏன் போனோம்? உண்மைக் காரணத்தை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

டொரோண்டோவில் இருக்கும் எங்கள் மகளுக்கு ஆவணியில் முதல் குழந்தை பிறக்க இருந்தது. பிள்ளைப்பேற்றுக்குத் தாய் போய் நிற்பது எங்களிடம் எழுதாத சட்டம். அதை யாரும் விவாதிப்பதில்லை. தகப்பனை யாரும் கூப்பிடுவதுமில்லை. மாசி மாதம் ஒரு பின்னேரம் நான் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்று, "ஒரு ஆறு கிழமை பிள்ளையோட நிண்டிட்டு வாறன்" என்றாள். ஆறு வாரம்தானே என்று "ம்" என்றேன். பங்குனியில், "மூண்டு மாசம் நிக்க வேண்டி வரும் போல கிடக்கு" என்றாள். அதற்கும் "ம்" என்றேன். சித்திரையில் அது ஆறு மாதமாகிவிட்டது. நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு மறுபடியும் "ம்" என்றேன். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தேன். கோபம் முழுக்க மகள் மேல்தான். பெற்ற தாயை வேலைக்காரியாக்கப் பார்க்கிறாளே, தகப்பன் என்று ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பே இல்லையே என்று குமைந்தேன்.

நான் இருபத்தாறு வருடம் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தவன். அவள் முதியோர் இல்லமொன்றில் பகல் வேலை செய்தாள். நான் காலையில் வீடு வந்து சேர, அவள் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருப்பாள். "சோறு மூடி வைச்சிருக்கு" என்பாள். "சரி" என்பேன். ஒரே கட்டிலில்தான் படுத்தோம், வேறு வேறு நேரத்தில். நான் போய்ப் படுக்கும்போது சில நாட்களில் அவள் படுத்த பக்கம் இன்னும் சூடாக இருக்கும். அந்தச் சூட்டுக்கு மேல் நகர்ந்து படுத்துத்தான் நித்திரை கொள்வேன். இதை நான் அவளுக்கும் சொன்னதில்லை.

அவள் தோள்மூட்டு நோவால் வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. நான் போன ஐப்பசியில் ஓய்வு பெற்றேன். இப்போதுதான் இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் விழித்திருக்கிறோம். அதற்குள் ஆறு மாதத்தைத் தூக்கிக் கனடாவுக்குக் கொடுப்பதா? அவள் எனக்கு வேண்டும். எழுத எவ்வளவு இலேசாக இருக்கிறது! சொல்ல வாய் வராது. அதனால்தான் ஒரு திட்டம் போட்டேன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வடிவான ஒரு கடற்கரையில் நிற்பாட்டிச் சொல்லிவிட வேண்டும். வசனம்கூடத் தயார். "இஞ்சாரும், ஆறு மாசம் வேண்டாம்." நாலே நாலு சொல். திரும்பி வந்ததும் திங்கட்கிழமை அவளுக்கு விமான ரிக்கற் போடுவதாக இருந்தது. எனக்கு இருந்ததோ நாலு நாள்.

வைகாசிக் கடைசியில் வெளிக்கிட்டோம். சமையல் சாமான் ஒன்றும் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். வெளிக்கிடுவதற்கு முதல் நாள் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பயற்றம் பணியாரம், இன்னொரு டின்னில் முறுக்கு, என் ஸ்வெற்றருக்குள் சுற்றி ஒரு சீப்பு வாழைப்பழம்.

"இதெல்லாம் ஆருக்கு?"

"அந்த வீட்டுக்காரிக்கு."

"ஐயோ, அது பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்! காசு குடுத்துத் தங்கிற இடம்!"

"என்னவாயும் இருக்கட்டும், ஒரு மனுசி குடியிருக்கிற வீடு தானே. வெறுங்கையோட போறதே?"

அவளோடு வாதாடி நான் வென்றதாகச் சரித்திரம் இல்லை. வாழைப்பழத்தை மட்டும் ஸ்வெற்றரிலிருந்து எடுத்து அவளுடைய கைப்பைக்குள் மாற்றினேன்.

ஷானன் விமான நிலையத்தில் கார் எடுத்து மேற்குக் கரைக்கு ஓட்டினேன். இருபக்கமும் கல்மதில், நடுவில் ஒரு கார் போக மட்டும் ரோட்டு, எதிரே இன்னொன்று வந்தால் சிவசிவா என்று பின்னுக்கு எடுக்க வேண்டும். மதில்களைக் கண்டதும் மனைவி, "நெடுந்தீவு மாதிரி" என்றாள். எங்கே போனாலும் எங்கள் ஊரைப் பார்க்கிற இந்தப் பழக்கம் எனக்கு ஆகாது. "நெடுந்தீவைப் பாக்கிறதுக்கே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றேன். வந்த முதல் மணித்தியாலத்திலேயே வள்ளென்று விழுந்துவிட்டேன்.

தங்கிய வீடு கடலுக்கு மேலே ஒரு சரிவில் இருந்தது. வெள்ளைச் சுவர், நீலக் கதவு, வாசலில் கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய். வீட்டுக்கார அம்மாவுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். நல்ல உயரம், சிவந்த கன்னம், தனியே அந்த வீட்டை நடத்துகிறவர். மனைவி டின்களையும் வாழைப்பழத்தையும் நீட்ட, அவர் அவற்றை வாங்கிக்கொண்டு, இவற்றைக் குளிர்பெட்டியில் பத்திரமாக வைக்க வேண்டுமா என்று கேட்டார். எங்கள் சாமானை வைக்கக் கொடுத்தோம் என்று நினைத்துவிட்டார். இது உங்களுக்கு என்று மனைவி சொன்னதும் கன்னம் இன்னும் சிவந்தது. முப்பது வருடமாக ஆட்களுக்கு அறை கொடுக்கிறேன், எவரும் எனக்கென்று எதுவும் கொண்டு வந்ததில்லை என்றார். மனைவி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் நாயைப் பார்த்தேன்.

அடுத்த நாள் கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் மலைமுகடு பார்க்கப் போனோம். உலகமே வந்து படமெடுக்கிற இடமாம். போய் நின்றால் மூடுபனிப் புகார். கடலுமில்லை, மலையுமில்லை, எதிரே எல்லாம் ஒரே வெள்ளைவெளேர். கீழே எங்கேயோ அலை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஆட்கள் அந்தப் புகாரையே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதுதான் தருணம் என்று தொண்டையைச் செருமினேன்.

"இஞ்சாரும்."

"என்ன?"

அவள் கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டிருந்தாள். தொப்பியில் நீர் முத்து முத்தாக நின்றது. மூக்கு நுனி சிவந்திருந்தது. என் அருமந்த வசனம் எங்கே போய்த் தொலைந்ததோ தெரியாது.

"குளிருதோ?" என்றேன்.

"குளிராமல்? வாங்கோ, வீட்டை போவம்" என்றாள்.

வீடாம்! ஒரு இரவு படுத்த இடம் அதற்குள் வீடாகிவிட்டது. திரும்பி வந்ததும் குசினிப் பக்கம் போனவள் இரண்டு மணித்தியாலம் வரவில்லை. நான் மேலே அறையில் விளங்காத ஏதோ விளையாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து இரண்டு பேரின் சிரிப்பும் கேட்டது. வீட்டுக்கார அம்மாவின் பிள்ளைகள் ஒருவர் சிட்னியில், ஒருவர் பொஸ்டனில் என்பதும், அவருக்கும் தோள்மூட்டு நோவு என்பதும் அன்றே எங்கள் வீட்டுச் செய்தியாகிவிட்டன. என்னோடு இருந்தால் இவளுக்குச் சிரிப்பு வராதோ என்று நினைத்தேன். ஒரு ஐரிஷ் மனுசியைப் பார்த்து எனக்குப் பொறாமை. வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை.

மூன்றாம் நாள் காலை கண் விழித்தபோது நான் படுத்திருந்த பக்கத்தில் மட்டும் விரிப்பு இருந்தது. மற்றப் பக்கத்து விரிப்பு, தோய்க்க எடுக்கிற மாதிரி, என் முதுகு வரை சுருட்டப்பட்டிருந்தது. தலையணை உறைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. குளியலறை பளபளத்தது. கீழே ஓடினேன்.

குசினியில் மனைவி சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு தாச்சிச்சட்டியை உரஞ்சிக்கொண்டிருந்தாள். நிலம் கூட்டித் துடைத்திருந்தது. முதல் நாள் இரவுக் கோப்பைகள் எல்லாம் கழுவி வரிசையில் கவிழ்த்திருந்தன. வீட்டுக்கார அம்மா இரவு உடுப்போடு வாசற்படியில் நின்றார். முகத்தில் சிரிப்பில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, மெதுவான குரலில் கேட்டார்: "என் வீடு உங்களுக்கு அழுக்காகத் தெரிந்ததா? ஏதும் குறை இருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாமே. விருந்தாளி ஒருவர் என் பாத்திரத்தைக் கழுவுவதை மற்றவர்கள் கண்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" அவருடைய கண் கலங்கியிருந்தது. அப்படியில்லை, அப்படியில்லை என்று சொன்னேனே தவிர, எங்கள் வழக்கத்தை விளங்கப்படுத்த என் ஆங்கிலம் அந்த நேரம் கை கொடுக்கவில்லை. மானம் கப்பலேறியது.

அன்று மதியம் வரை நான் மனைவியோடு பேசவில்லை. ஒரு பழைய கோட்டையைப் பேசாமல் சுற்றினோம். பேசாமல் சூப் குடித்தோம். இரண்டு மணியளவில் கடலோர ரோட்டில் ஒரு மாட்டுக் கூட்டம் குறுக்கே வர, ஒரு வயல் வாசல் படலை ஓரமாகக் காரை நிறுத்தினேன். புகார் போய் நல்ல வெயில். கீழே கடல் அப்படியொரு நீலம். அதைப் பார்த்தும் என் கோபம் ஆறவில்லை.

"அது என்ன, உன்ர தங்கச்சி வீடோ?" என்று தொடங்கினேன். கோபம் வந்தால் எனக்கு 'நீர்' போய் 'நீ' வந்துவிடும். "உன்னை ஆர் அங்க கோப்பை கழுவச் சொன்னது? அந்த மனுசி தன்ர வீடு ஊத்தை எண்டு நினைச்சு அழாத குறை!"

"நான் அப்பிடி நினைக்கேல்லை. ஒரு வீட்டில மூண்டு நாள் சாப்பிட்டிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க எனக்கு ஏலாது."

"ஏலாது! என்னோட ஒரு அறையில இருக்கத்தான் உனக்கு ஏலாது. விடிய முன்னம் குசினிக்கு ஓடுறாய். இப்ப ஆறு மாசம் கனடாவுக்கு ஓடப் பாக்கிறாய்!"

மூன்று நாளாகத் தொண்டையில் வைத்திருந்தது இப்படியா வந்து விழ வேண்டும்? மாடுகள் எங்கள் கண்ணாடியை உரசிக்கொண்டு போயின.

"உங்களோட இருந்து பழகினால் தானே ஏலுமோ ஏலாதோ எண்டு தெரியும்" என்றாள் கடைசியில். "எட்டு மாசமாய் வீட்டில நிக்கிறியள். என்னோடயோ இருக்கிறியள்? ரீவியோட இருக்கிறியள்."

சுருக்கென்று தைத்தது. அது நியாயம் என்று தெரிந்ததும் கோபம் இன்னும் கூடியது. அவள் மேல் காட்ட முடியாத கோபத்தை மகள் மேல் காட்டலாம் என்று போனை எடுத்தேன். கனடாவில் அப்போது காலை ஒன்பது மணி. ஸ்பீக்கரில் போட்டு, மகள் ஹலோ சொல்வதற்குள்ளேயே, "பிள்ளை, உனக்கு ஆறு மாசம் அம்மா என்னத்துக்கு? எங்களுக்கும் ஒரு சீவியம் இருக்கு, விளங்குதோ?" என்றேன்.

"அப்பா? என்ன ஆறு மாசம்?"

"தெரியாத மாதிரிக் கதைக்காத."

"அப்பா, நான் ஆறு கிழமை எண்டுதானே அம்மாட்டக் கேட்டனான். அதுக்குப் பிறகு மாமி வாறா. ஆறு மாசம் ரெண்டு பேரை வைச்சிருக்க எங்களிட்ட இடமே இல்லை. ஆர் சொன்னது ஆறு மாசம் எண்டு?"

மனைவி மற்றப் பக்கக் கண்ணாடியால் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு கவனமாக மாடு பார்த்த ஒரு ஆளை நான் கண்டதில்லை.

"பிறகு எடுக்கிறன், பிள்ளை" என்று போனை வைத்தேன்.

"இஞ்சாரும்."

அவள் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "முதல் ஆறு கிழமை எண்டு சொன்னனான். நீங்கள் 'ம்' எண்டு சொன்னியள். போகாதையும் எண்டு சொல்ல வேண்டாம், எப்ப வருவீர் எண்டாவது கேக்கலாம் தானே? சரி, மூண்டு மாசம் எண்டு சொல்லிப் பாப்பம் எண்டு சொன்னன். அதுக்கும் 'ம்'. ஆறு மாசம் எண்டு சொன்னால் இந்த மனுசன் துள்ளிக்கொண்டு எழும்பும் எண்டு நினைச்சன். நீங்கள் ரீவியைக் கூட்டினியள்." மூக்கைச் சிந்தினாள். "ஒரு வருசம் எண்டு சொல்லுவமோ எண்டும் யோசிச்சனான். கனடாவில அவ்வளவு நாளைக்கு நிக்க விட மாட்டாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியும் எண்டுதான் அதை விட்டனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியது எப்படி அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அறுபத்தாறு வயதில், வாடகைக் காரில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் சொன்னேன்.

"நீர் இல்லாமல் எனக்கு ஏலாது."

"என்ன?"

"கேட்டது தானே!"

"வடிவாய்க் கேக்கேல்லை."

"நீர் இல்லாமல் எனக்கு ஏலாது எண்டு சொல்லுறன். ஆறு கிழமைக்கு மேல ஒரு நாள் நிக்கப்படாது. கடைசி ரெண்டு கிழமைக்கு நானும் வருவன். கூப்பிட்டாலும் வருவன், கூப்பிடாட்டிலும் வருவன்."

அவள் என் கையை ஸ்டியரிங்கிலிருந்து பிரித்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடையது கழுவிக் கழுவித் தேய்ந்த கை, சொரசொரவென்று இருந்தது. அதை நான் அவ்வளவு நேரம் பிடித்திருந்ததே இல்லை. யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். மாட்டுக்காரர். நாங்கள் படலையை மறித்துக்கொண்டு நின்றபடியால் மாடுகளை உள்ளே விட முடியாமல் அவர் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரும் அழுத முகத்தோடு இருந்ததைக் கண்டு, பாவம், வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டார்.

"இல்லை, விடுமுறைக்கு வந்திருக்கிறோம்" என்றாள் மனைவி.

அன்று பின்னேரம் அவளே வீட்டுக்கார அம்மாவிடம் போனாள். எங்கள் வழக்கத்தில், சாப்பிட்ட வீட்டில் வேலை செய்யாமல் இருந்தால் அந்த வீட்டை அந்நியமாக நினைக்கிறோம் என்று அர்த்தம், உங்களை அப்படி நினைக்க மனம் வரவில்லை என்று சொன்னாள். முதியோர் இல்லத்தில் பழகிய ஆங்கிலம், என்னுடையதைவிட எவ்வளவோ மேல். வீட்டுக்கார அம்மா அவளைக் கட்டிப்பிடித்தார். ஆனால் நாளைக்குக் காலையில் குசினிப் பக்கம் கண்டேனோ, நாயை அவிழ்த்துவிடுவேன் என்றார்.

கடைசி நாள் காலை யன்னலோரம் ஒரு சின்ன மேசையில் எங்கள் இருவருக்கும் சாப்பாடு வைத்தார்கள். முட்டை, மண்ணிறப் பாண் ரொட்டி, ஒரு பெரிய கேத்தலில் தேத்தண்ணீர். எதிரெதிரே இருந்தோம். மனைவி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தாள், மேசையில் வைத்தாள், கடைசியில் கைதுடைக்கிற துண்டை மடித்தாள். ஒருவர் கொண்டு வந்து வைக்க இவள் இருந்து சாப்பிட்டு எத்தனை வருடமோ என்று நினைத்தேன். கேத்தலைத் தூக்கி அவளுடைய கோப்பையில் நான் ஊற்றினேன். இரண்டு கரண்டி சீனி போட்டு, நன்றாகக் கலக்கி, பாலும் விட்டுக் கொடுத்தேன். அவள் அதை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அடி வரை குடித்தாள். எனக்குப் பெரிய பெருமை.

விமான நிலையத்தில் நேரம் கிடந்தது. இன்னொரு தேத்தண்ணீர் குடிப்போம் என்று நானே எழும்பினேன்.

"உமக்கு ரெண்டு சீனி தானே?"

"சீனி வேண்டாம்."

"ஏன்? என்ன செய்யுது?"

"ஒண்டும் செய்யேல்லை. நான் சீனியை விட்டு ஏழு வருசம்."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஏழு வருடம். ஒரே வீடு.

"அப்ப காலமை நான் ரெண்டு கரண்டி போட்டுத் தர ஏன் குடிச்சனீர்? சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள் ஆறு மாசத்துக்குச் சொன்னனீங்களோ?" என்றாள்.

சீனி போடாத இரண்டு தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து, எதிரே அல்ல, அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்குச் சீனியில்லாமல் இறங்கவே இல்லை, ஆனாலும் குடித்தேன். "வேற என்னென்னத்தை விட்டனீர், எனக்குத் தெரியாமல்?" என்று கேட்டேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கிப் பெட்டி மேல் வைத்துக்கொண்டாள்.

"இருங்கோ, சொல்லுறன்" என்றாள். விமானத்துக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.